ஒரே எண், நேரெதிரான இரண்டு நோய்: கோபன்ஹேகன் 1952, ஒரு நிகழ்வு ஆய்வு

1952 ஆகஸ்ட். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். அந்த ஊரில் தொற்றுநோய் கண்டவர்களை வைத்துப் பார்க்கும் பிளெக்டாம் மருத்துவமனைக்குப் போலியோ நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். நோய் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் ஐம்பது பேர் வரை சேர்க்கப்பட்டார்கள். கை கால் விளங்காமல் போனவர்கள் பலர். ஆனால் மருத்துவர்களைக் கலங்கடித்தவர்கள் வேறு: மூச்சுவிடும் தசையும் விழுங்கும் தசையும் செயலிழந்தவர்கள். அவர்களுக்காக அங்கே இருந்தவை, உடலை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் பெட்டியான இரும்பு நுரையீரல் ஒன்றும், மார்பின்மேல் கவிழ்த்து வைக்கும் கவச வகைக் கருவிகள் ஆறும். முதல் மூன்று வாரங்களில் இந்தக் கருவிகளில் வைக்கப்பட்டவர்கள் 31 பேர். அவர்களில் 27 பேர் மூன்றே நாளுக்குள் இறந்துபோனார்கள்.

இந்த ஆய்வு அந்த 27 பேரின் சாவைப் பற்றியது. அவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு 12 வயதுச் சிறுமி பிழைத்ததைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே ஒரு எண் நிற்கிறது. ஆய்வகம் அந்த எண்ணைச் சரியாகத்தான் அளந்தது. அதற்குக் கொடுத்த பொருள்தான் தலைகீழாக இருந்தது. உடல் தன் அமிலத்தன்மையை எப்படி ஒரே நிலையில் வைத்திருக்கிறது என்பதைப் பாடமாகப் படித்து மறந்தவர்கள்கூட, இந்த ஒரு நிகழ்வைப் புரிந்துகொண்டால் அப்புறம் மறக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சீட்டில் இருந்த எண்

இறந்துகொண்டிருந்த நோயாளிகளின் இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரு விடை வந்தது: பிளாஸ்மாவில் மொத்தக் கரியமில வாயு மிக அதிகம். அன்றைக்கு அமில-கார நிலையை அறிய மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்பட்ட சோதனை இதுதான். பிளாஸ்மாவோடு அமிலத்தைக் கலந்து, வெற்றிடத்தில் வைத்து, அதிலிருந்து வெளிவரும் கரியமில வாயு முழுவதையும் அளப்பார்கள். அப்படி வெளிவருவதில் 95 சதவீதம், பைகார்பனேட்டாக இருந்ததுதான். நம் வீட்டுச் சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்குகிறதே, அதே வேதிவினை.

பைகார்பனேட் ஒரு காரம். அது கூடியிருக்கிறது என்றால் இரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதாவது காரமிகை என்று படிப்பதுதான் அன்றைய வழக்கம். அப்படியே படித்தார்கள். போலியோ கண்டவர்களுக்கு ஏன் காரமிகை வர வேண்டும் என்பது யாருக்கும் விளங்கவில்லை. கிருமி மூளைத் தண்டைத் தாக்குவதால் வரும் ஏதோ ஒரு கோளாறு என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். வியர்வையில் குளித்த உடல், ஏறிக்கொண்டே போகும் இரத்த அழுத்தம், பிறகு நினைவிழப்பு, பிறகு சாவு. எல்லாம் மூளையைக் கிருமி முழுதாக ஆட்கொண்டதன் அடையாளம் என்றே எண்ணினார்கள். அப்படியானால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இப்படி ஒரு பொருள் கொண்டதற்காக அந்த மருத்துவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரு எண். ஆனால் இந்தக் கணக்கில் இருப்பதோ மூன்று. அந்த மூன்றும் என்ன என்று பார்த்துவிட்டுச் சிறுமியிடம் வருவோம்.

விகிதம்தான் கணக்கு

இரத்தத்தில் தனித்து இருக்கும் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதுதான் அமிலத்தன்மை. அது வியக்கவைக்கும் அளவுக்குக் குறைவு: ஒரு லிட்டரில் 40 நானோமோல். அதே ஒரு லிட்டரில் உள்ள சோடியம் இதைப்போல் 35 லட்சம் மடங்கு. அந்த 40 நானோமோலைத்தான் பிஎச் 7.40 என்கிறோம்; அமிலம் கூடினால் பிஎச் இறங்கும். 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் உடல் அதை வைத்திருக்கிறது. நொதிகள், இதயத் தசை, நரம்பு எல்லாம் இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன.

இத்தனைக்கும் உடல் ஒரு நாளைக்குச் செய்யும் அமிலம் கொஞ்சநஞ்சமல்ல. செல்கள் எரிபொருளை எரித்து வெளியிடும் கரியமில வாயு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 15,000 மில்லிமோல். நீரோடு சேர்ந்தால் அது கார்பானிக் அமிலம். நல்லவேளையாக அது ஆவியாகிப் போகக்கூடியது. நுரையீரல் ஊதித் தள்ளிவிடுகிறது. இதுபோக, நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள கந்தகம், பாஸ்பரஸ் முதலியவற்றிலிருந்து வரும் அமிலம் இருக்கிறது. அதை ஊத முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிமோல் என்று வைத்தால் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 70 வரை. இது சிறுநீரகத்தின் பொறுப்பு.

இந்த இரண்டு உறுப்புகளும் பிடித்துக்கொண்டிருக்கும் தராசுதான் பைகார்பனேட்டும் கரியமில வாயுவும். இரத்தத்தில் பைகார்பனேட் 24 மில்லிமோல்; கரைந்திருக்கும் கரியமில வாயு 1.2 மில்லிமோல். 20க்கு 1. பிஎச்சைத் தீர்மானிப்பது இந்த விகிதம்தான். இரண்டும் இரட்டிப்பானாலும் விகிதம் 20 என்றே இருந்தால் பிஎச் அசையாது. ஒன்று மட்டும் அசைந்தால் பிஎச்சும் அசையும். பைகார்பனேட்டைச் சிறுநீரகமும் கரியமில வாயுவை நுரையீரலும் ஆள்கின்றன.

வேதியியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு நெருடல் வரும். அமிலம் சேர்ந்தாலும் பிஎச்சை அதிகம் மாறவிடாத கலவைக்குத் தாங்கல் என்று பெயர்; பிகே என்பது அது மிக நன்றாக வேலை செய்யும் பிஎச். பைகார்பனேட் தாங்கலின் பிகே மதிப்பு 6.1. பிஎச் 7.4ல் அது மோசமான தாங்கல் அல்லவா? மூடிய பாட்டிலில் அப்படித்தான். ஒரு லிட்டர் கரைசலில் 24 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது, அதில் 12 மில்லிமோல் வலுவான அமிலத்தை ஊற்றுகிறோம் என்று வையுங்கள். 12 பைகார்பனேட் அழிந்து 12 கரியமில வாயுவாக மாறுகிறது. அது வெளியே போக வழியில்லை என்றால் 12க்கு 13.2 என்று விகிதம் சரிந்து, பிஎச் 6.06க்கு இறங்கிவிடும். அதில் எந்த உயிரும் நிற்காது. இப்போது பாட்டிலின் மூடியைத் திறங்கள். புதிதாக வந்த கரியமில வாயு முழுவதும் வெளியேறி, கரைந்திருப்பது பழையபடி 1.2 ஆகவே இருக்கட்டும். விகிதம் 12க்கு 1.2, பிஎச் 7.1. இன்னும் ஒரு படி மேலே: மூச்சு வேகமாகி, கரைந்த வாயு 0.75க்கு இறங்கட்டும். விகிதம் 16க்கு 1, பிஎச் 7.30. அதே அமிலம், அதே அளவு. மூடி திறந்திருந்தால் உயிர், மூடியிருந்தால் சாவு.

நுரையீரல்தான் அந்த மூடி. கோபன்ஹேகனில் மூடிக்கொண்டது அதுதான்.

ஒரே பைகார்பனேட், இரண்டு இரத்தம்

இப்போது இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, பிளெக்டாம் ஏடுகளில் உள்ளவை அல்ல.

முதல் ஆள் நாள்கணக்கில் வாந்தி எடுத்தவர். வயிற்றின் அமிலம் வெளியே போனதால் இரத்தத்தில் பைகார்பனேட் ஏறி 35 ஆகிவிட்டது. உடல் மூச்சைச் சற்று மட்டுப்படுத்தி, கரியமில வாயுவின் அழுத்தத்தை வழக்கமான 40 மி.மீ. பாதரசத்திலிருந்து (கரைந்திருக்கும் 1.2 மில்லிமோலுக்கு இணையானது) 46க்கு ஏற்றிக்கொண்டது. பிஎச் 7.50. இது உண்மையான காரமிகை.

இரண்டாம் ஆள் சில நாள்களாக மூச்சு பலவீனப்பட்டவர். கரியமில வாயு சேர்ந்து சேர்ந்து 80 மி.மீ. ஆகிவிட்டது. சிறுநீரகம் இதைக் கவனித்துவிட்டது. அமிலத்தை அம்மோனியமாக வெளியே தள்ளுகிறது, வடிகட்டிய பைகார்பனேட்டை ஒரு சொட்டு விடாமல் திரும்ப இழுத்துக்கொள்கிறது, புதிதாகவும் செய்து இரத்தத்தில் சேர்க்கிறது. அதனால் இவருக்கும் பைகார்பனேட் 35. பிஎச் 7.26. இது அமிலமிகை, ஆபத்தான அளவுக்குப் போய்க்கொண்டிருப்பது.

இருவருடைய இரத்தத்தையும் அன்றைய ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன வரும்? மொத்தக் கரியமில வாயு, முதல் ஆளுக்குச் சுமார் 36.4. இரண்டாம் ஆளுக்குச் சுமார் 37.4. இவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஒருவர் காரத்தில் இருக்கிறார், இன்னொருவர் அமிலத்தில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் ஆளின் 35 என்பது நோயே அல்ல, உடல் நோயை எதிர்த்துச் செய்யும் வேலை. சிறுநீரகம் மட்டும் இதைச் செய்யாமல் இருந்திருந்தால், 80 மி.மீ. அழுத்தத்தில் பைகார்பனேட் 28 அளவிலேயே நின்றிருக்கும், பிஎச் 7.17க்கு விழுந்திருக்கும். அந்த 28லும் நாலு மில்லிமோல் உடனடி உதவிதான். சிவப்பணுவுக்குள் புகும் கரியமில வாயு அங்கே ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. ஹைட்ரஜனை ஹீமோகுளோபின் பிடித்து வைத்துக்கொள்ள, பைகார்பனேட் குளோரைடுக்கு இடம் மாற்றிக்கொண்டு பிளாஸ்மாவுக்கு வருகிறது. இது நிமிடங்களில் நடந்துவிடும். சிறுநீரகம் நிதானமாக வரும். அதன் உதவி முழுமையடைய மூன்று முதல் ஐந்து நாள். பிளெக்டாமில் பலருக்கு அந்த நாள்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும், உதவிக்கு வந்தவனையே திருடன் என்று நினைத்த கதைதான்.

மயக்க மருந்து மருத்துவர் பார்த்தது

பியோர்ன் இப்சன் பிளெக்டாம் மருத்துவமனையின் ஆள் இல்லை. அப்போது 36 வயது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்கவியல் பயின்று திரும்பியவர். அறுவைக் கூடத்துக்கு வெளியே மயக்க மருந்து மருத்துவருக்கு என்ன வேலை என்று கேட்கும் காலம் அது. பிளெக்டாமில் பணியாற்றிய மோகன்ஸ் பியோர்னபோ அவரை அறிந்தவர். தசை வலிப்பு ஜன்னி கண்ட ஒரு குழந்தைக்கு இப்சன் கையால் மூச்சுக் கொடுத்ததை அந்த ஆண்டுதான் பார்த்திருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று தலைமை மருத்துவர் லாசனிடம் சொன்னவர் அவர்தான். ஆகஸ்ட் 25 அன்று கூடிப் பேசினார்கள்.

இறந்துபோன நாலு பேரின் குறிப்புகளையும் பிரேதப் பரிசோதனை விவரங்களையும் இப்சன் பார்த்தார். நுரையீரல்கள் காற்று வாங்க முடியாத அளவுக்கு அழிந்துபோயிருக்கவில்லை. அப்படியென்றால் இவர்கள் ஏன் செத்தார்கள்? வியர்வை, இரத்த அழுத்தம், உயர்ந்த மொத்தக் கரியமில வாயு ஆகிய மூன்றும் அவருக்குப் பழக்கமான படம். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குச் சரியாக மூச்சுக் கொடுக்காவிட்டால் மேசையிலேயே இது நடக்கும். கரியமில வாயு உள்ளே தேங்கினால் தோல் நனையும், நாடி துள்ளும், அழுத்தம் ஏறும். இது காரமிகை அல்ல, இவர்கள் தங்கள் சொந்தக் கரியமில வாயுவிலேயே மூழ்கிச் சாகிறார்கள் என்றார் அவர்.

இதை ஏன் மற்றவர்கள் கண்ணால் பார்த்தும் பிடிக்க முடியவில்லை? இதற்கு விடை ஆக்சிஜனில் இருக்கிறது. நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். கொடுத்ததும் நீலம் பாரித்த உதடு சிவக்கும், பார்க்கிறவருக்கு நிம்மதி வரும். ஆனால் ஆக்சிஜன் உள்ளே போவதற்கும் கரியமில வாயு வெளியே வருவதற்கும் ஒரே அளவு மூச்சு போதாது. காற்றில் ஆக்சிஜனின் அளவைக் கூட்டிவிட்டால் சின்ன மூச்சிலும் இரத்தம் சிவந்துவிடும். கரியமில வாயு அப்படியல்ல. எவ்வளவு காற்று நுரையீரலின் சிற்றறைகளில் புகுந்து வெளியே வருகிறதோ அவ்வளவுதான் அது வெளியேறும். மூச்சு பாதியானால் அதன் அழுத்தம் இரண்டு மடங்காகும். நிறம் நன்றாக இருக்கும்போதே உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றைக்கும் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இது; விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 98 காட்டுவதால் மட்டும் மூச்சு போதுமானது என்று ஆகிவிடாது.

ஆகஸ்ட் 27

செய்து காட்டுங்கள் என்று அனுமதி கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவள் 12 வயதுச் சிறுமி. இரண்டு கையும் இரண்டு காலும் விளங்கவில்லை. காய்ச்சல் 40 டிகிரிக்கு மேல். சொந்த எச்சிலை விழுங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். உடம்பு நீலம், வியர்வை.

கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மூச்சுக்குழலில் துளையிட்டு, காற்றுப்பை சுற்றிய குழாய் ஒன்றைச் செருகினார்கள். அந்தப் பையை ஊதிவிட்டால் குழாயைச் சுற்றிக் காற்று கசியாது, எச்சிலும் நுரையீரலுக்குள் இறங்காது. இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வு. குழாயோடு ஒரு ரப்பர் பை. ஆனால் பையை அழுத்தினால் காற்று உள்ளே போகவில்லை. சிறுமி தன்னிடம் மிச்சமிருந்த பலத்தால் எதிர்த்து மூச்செடுத்தாள், மூச்சுக்குழல்கள் இறுகிக்கொண்டன. நிலைமை மோசமானது. பார்க்க வந்திருந்தவர்களில் சிலர் நம்பிக்கையிழந்து வெளியே போனார்கள்.

இப்சன் தயோபென்டல் மயக்க மருந்தை ஊசியில் ஏற்றினார். சிறுமி துவண்டாள். அவளுடைய சொந்த மூச்சு நின்றது. அந்த நொடி அந்த அறையில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆனால் எதிர்ப்பு நின்றதால் இப்போது பை அழுத்தினால் மார்பு உயர்ந்தது. தொடர்ந்து அழுத்தினார். தோல் காய்ந்தது, வெதுவெதுப்பானது. இரத்த அழுத்தம் இறங்கியது. நிறம் தேறியது. வெளிவரும் மூச்சில் கரியமில வாயுவை அளந்துகொண்டிருந்த கருவியும் அதையே சொன்னது.

எனக்கு இதில் மிகப் பிடித்த கட்டம் அடுத்துச் செய்ததுதான். கையை எடுத்துவிட்டுச் சிறுமியைப் பழைய கவசக் கருவிக்கு மாற்றினார்கள். மறுபடியும் வியர்வை, மறுபடியும் அழுத்தம் ஏறியது. மறுபடியும் ரப்பர் பை. மறுபடியும் தேறினாள். கிருமி அதே கிருமி, மூளை அதே மூளை. மாறியது காற்றின் அளவு மட்டும். காரணத்தை வைத்தும் எடுத்தும் பார்க்கும் சோதனை, ஒரே நோயாளியில், ஒரே பகலில்.

பிஎச் பிறந்த ஊரில் பிஎச்

பிஎச் என்ற அளவுகோலே கோபன்ஹேகனில் பிறந்ததுதான். 1909ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த சோரன் சோரன்சன் அதை முன்வைத்தார். அமெரிக்கரான லாரன்ஸ் ஹென்டர்சன் 1908ல் எழுதிய தாங்கல் சமன்பாட்டை, மடக்கை வடிவில் பிஎச்சோடு இணைத்து எழுதியவர் கார்ல் ஹாசல்பால்க். அவரும் இந்த ஊரில்தான் ஆராய்ந்தவர். ஆனாலும் 1952ல் நோயாளியின் இரத்தத்தில் பிஎச்சை நேராக அளக்கும் பழக்கம் மருத்துவமனையில் வந்திருக்கவில்லை. அளப்பது கடினமாக இருந்தது: காற்று பட்டால் கரியமில வாயு பறந்துவிடும், சூடு மாறினால் விடை மாறிவிடும்.

பிளெக்டாம் ஆய்வகத்தின் தலைவர் பவுல் ஆஸ்ட்ரப். ஊரிலேயே இருந்த ரேடியோமீட்டர் நிறுவனத்தின் கண்ணாடி மின்வாய்க் கருவியை வாங்கி வந்து, போலியோ நோயாளிகளின் இரத்தத்தில் பிஎச்சை அளந்தார். காரமிகை என்றால் 7.45க்கு மேலே இருக்க வேண்டும். இருந்ததோ கீழே. இப்சன் சொன்னது சரி.

இத்தோடு மூன்றில் இரண்டு எண்கள் கையில் வந்துவிட்டன: மொத்தக் கரியமில வாயு, பிஎச். மூன்றாவதான கரியமில வாயுவின் அழுத்தத்தை ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டில் போட்டுக் கணக்கிட்டுவிடலாம். பல ஆண்டுகளாகப் புத்தகத்தில் கிடந்த சமன்பாடு அன்றைக்குத்தான் படுக்கையோரத்துக்கு வந்தது என்று சொல்வேன்.

ரப்பர் பையும் கைகளும்

வழி தெரிந்துவிட்டது. ஆனால் கருவி இல்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு யார் பை அழுத்துவது? மருத்துவ மாணவர்களையும் பல் மருத்துவ மாணவர்களையும் கூப்பிட்டார்கள். மொத்தம் சுமார் 1,500 பேர். முறை வைத்து, இரவும் பகலும், ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஒருவர். ஒரே நேரத்தில் 70 பேர் வரை இப்படிக் கைமூச்சில் இருந்தார்கள். எல்லாம் கூட்டினால் சுமார் 1,65,000 மணி நேரம்.

அந்தத் தலைமாட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். கழுத்துக் குழாயில் தொடங்கி ஒரு உலோக டப்பா, அதன் பின்னால் ரப்பர் பை, பக்கத்தில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் பாதிக்குப் பாதி கலந்த சிலிண்டர். டப்பாவுக்குள் சோடா சுண்ணாம்பு. நோயாளி வெளிவிடும் காற்று அதன் வழியாகப் போகும்போது கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். அந்த வேதிவினையில் சூடு பிறக்கும், டப்பா தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். உடலுக்குள் இரத்தம் செய்ய முடியாமல் தவித்த வேலையை ஒரு பிடி சுண்ணாம்பு செய்துகொண்டிருந்தது. நிமிடத்துக்கு 20 என்று வைத்தாலும் மணிக்கு 1,200 அழுத்தம். கழுத்தில் குழாய் இருப்பதால் பிள்ளைக்குக் குரல் வராது. உதடும் கண்ணும்தான் மொழி. போதவில்லையா, அதிகமாகிவிட்டதா என்று மாணவர் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படுத்திருப்பது ஆறேழு வயதுப் பிள்ளை, உட்கார்ந்திருப்பவருக்கு இருபது வயது. தன் கை நின்றால் அதன் மூச்சு நிற்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

கண்ணைப் பார்த்து மட்டும் செய்ய முடியாத ஒன்றும் இருந்தது. பிஎச் மறுபக்கம் சாய்வது. பல நாளாகத் தேங்கிய கரியமில வாயுவைப் பை அழுத்திச் சில நிமிடங்களில் 80லிருந்து 40க்கு இறக்கிவிடலாம். ஆனால் சிறுநீரகம் சேர்த்து வைத்த பைகார்பனேட் 35 அங்கேயேதான் இருக்கும். அதைக் கழிக்க நாள்கள் ஆகும், போதிய குளோரைடும் வேண்டும். நம் கணக்கின்படி அந்த நேரத்துப் பிஎச் 7.56. அதாவது, முன்பு இல்லாத காரமிகை இப்போது உண்மையிலேயே வந்துவிடுகிறது! கால்சியம் அயனி குறைந்து தசை இழுக்கும், மூளைக்குப் போகும் இரத்தக் குழல்கள் சுருங்கும். ஆகவே நெடுநாள் தேங்கிய நோயாளிக்கு அவசரப்படாமல் இறக்க வேண்டும் என்பது இன்றைய வழக்கம். பயந்த மாணவர் தேவைக்கு மேல் வேகமாக அழுத்தினாலும் இதே ஆபத்துதான். அதனால் ஆஸ்ட்ரப்பின் ஆய்வகம் ஒரு நாள் அளந்துவிட்டு நிற்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அளந்து, இந்தப் படுக்கைக்கு இன்னும் கொஞ்சம், அந்தப் படுக்கைக்குக் குறையுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. உடலுக்குள் இந்த வேலையை மூளைத் தண்டில் உள்ள வேதி உணரிகளும் கழுத்துத் தமனியோரச் சிற்றுறுப்பும் செய்கின்றன. கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலும் மூச்சைக் கூட்டச் சொல்கின்றன. பிளெக்டாமில் அந்த இடத்தில் இருந்தவை ஒரு கண்ணாடி மின்வாய், ஒரு துண்டுச் சீட்டு, ஒரு மாணவரின் கை.

ஜூலைக் கடைசியில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை பிளெக்டாமில் சேர்க்கப்பட்ட போலியோ நோயாளிகள் 2,700க்கும் மேல். அவர்களில் 300க்கும் அதிகமானோருக்கு மூச்சு உதவி தேவைப்பட்டது. அவர்களிடையே முதல் வாரங்களில் 87 சதவீதமாக இருந்த இறப்பு, கொள்ளைநோய் ஓயும்போது சுமார் 25 சதவீதத்துக்கு வந்திருந்தது. கிருமிக்கு மருந்து எதுவும் அந்த மாதங்களில் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிறகு நடந்தவை

1953 டிசம்பரில் கோபன்ஹேகனின் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் ஒரு தனிப் பிரிவைத் திறந்தார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். ஆஸ்ட்ரப் வேறொரு குறையைத் துரத்தினார். மொத்தக் கரியமில வாயுவை அளப்பது மெதுவான வேலை. ஒரே இரத்தத்தை, கரியமில வாயுவின் அழுத்தம் தெரிந்த இரண்டு வாயுக்களோடு தனித்தனியே குலுக்கி, இரண்டு பிஎச்களை அளந்து, வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் நோயாளியின் பிஎச் எங்கே விழுகிறதோ அங்கே அழுத்தம் இருக்கிறது. இளையவரான ஓலே சிகார்ட்-ஆண்டர்சன் அவரோடு சேர்ந்துகொண்டார். மூச்சால் வந்த மாற்றத்தைக் கழித்துவிட்டு, மீதி எவ்வளவு காரம் கூடுதல் அல்லது குறைவு என்று சொல்லும் காரமிகுதி எண் அந்தக் கூட்டணியில் பிறந்தது. சில ஆண்டுகளில் கரியமில வாயுவின் அழுத்தத்தை நேரடியாகவே அளக்கும் மின்வாயும் அமெரிக்காவில் வந்துவிட்டது.

இன்றைக்கு நம் ஊர் மருத்துவமனைகளில் ஏபிஜி (தமனி இரத்த வாயுச் சோதனை) என்று சொல்லி மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுக்கிறார்கள். ஊசிக்குழலில் காற்றுக் குமிழி இல்லாமல், உடனே கொண்டு ஓடுகிறார்கள். சில நிமிடங்களில் வரும் சீட்டில் முதல் வரி பிஎச், இரண்டாவது கரியமில வாயு, கீழே பைகார்பனேட், அதற்கும் கீழே காரமிகுதி. அந்த வரிசையிலேயே படிக்கப் பழக்குகிறார்கள். பிஎச்சைப் பார்க்கும்முன் பைகார்பனேட்டைப் பார்க்காதே என்று பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லித் தரப்படுவது 1952ல் விலை கொடுத்துக் கற்றது. முதலில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார். பிறகு அந்தச் சாய்வை நுரையீரல் விளக்குகிறதா, சிறுநீரகம் விளக்குகிறதா என்று பார். ஒன்று விளக்கினால் மற்றது எதிர்த்து நிற்கிறதா, அந்த எதிர்ப்பு எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா என்று பார். நெடுநாள் தேக்கத்தில் ஒவ்வொரு 10 மி.மீ. உயர்வுக்கும் பைகார்பனேட் மூன்றரை முதல் நாலு மில்லிமோல் ஏற வேண்டும். திடீர்த் தேக்கத்தில் ஒன்றுதான். நாற்பது கூடிய நம் இரண்டாம் ஆளுக்கு 24 என்பது 38, 40 வரை போயிருக்கலாம். 35ல்தான் நிற்கிறது. சரி, சிறுநீரகம் இன்னும் பாதி வழியில் இருக்கிறது, நோய் தொடங்கிச் சில நாள்தான் ஆகிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

அந்தச் சிறுமி 1953 ஜனவரி வரை கைகளின் உதவியால் மூச்சுவிட்டாள். பிறகு ஒரு இயந்திரம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. கழுத்துக்குக் கீழே அசைவு திரும்பவே இல்லை. மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, 1971 வரை வாழ்ந்தாள்.